ஹெட்போன் வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு

எங்கள் பக்கத்தில் ஹெட்போன் வியாபாரம் சூடு பிடிப்பது பரீட்சை லீவிலும், வெளிநாட்டு மாமாக்கள் ஊர் திரும்பும் மாதத்திலும்தான். சின்னமனூரில் என் கடைக்கு வந்து, "ஐயா, எது நல்ல ஹெட்போன்?" என்று கேட்கிறார்கள். டி.டி.கே. கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுத்த காலத்துக் கடை. இப்போது செல்போன் சர்வீஸ். போர்டில் மட்டும் இன்னும் ‘ரெக்கார்டிங் சென்டர்’ என்றே இருக்கிறது. எது நல்லது என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. எதற்கு, எங்கே உட்கார்ந்து கேட்க என்று சொன்னால் உண்டு. வருகிறவர்களிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

1. விளையாட்டா, பாட்டா? உண்மையைச் சொல்.

"ரெண்டும்தான்" என்பார்கள். இருக்கட்டும். ஆனால் செலவழியும் நேரத்தில் பாதிக்கு மேல் எது என்று பார். பாட்டுக்குத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. கால் விநாடி பிந்தி ஆரம்பித்தால் யாருக்குத் தெரியப் போகிறது? விளையாட்டில் அதே கால் விநாடியில் உன் ஆட்டம் முடிந்துவிடும். பாதிக்கு மேல் விளையாட்டு என்றால் வயர் உள்ளதை வாங்கு. மேலே படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு எழுந்து போகலாம்.

2. ப்ளூடூத் ஏன் பிந்துகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்.

வயரில் சத்தம் மின்சாரமாகப் போகிறது. தாமதம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ப்ளூடூத்தில் போன் முதலில் சத்தத்தைச் சுருக்குகிறது, துண்டு துண்டாக அனுப்புகிறது. காதில் உள்ள கருவி நடுவில் அறுந்துபோகாமல் இருக்கக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு, விரித்து, பிறகுதான் ஒலிக்கிறது. எல்லாக் கருவியிலும் இருக்கும் எஸ்.பி.சி. முறையில் இது ஏறத்தாழ 150 முதல் 250 மில்லி விநாடி வரை ஆகும். சாதாரணத் திரை விநாடிக்கு 60 படம் காட்டுகிறது என்று வை. 200 மில்லி விநாடி என்றால் 12 படம் ஓடி முடிந்த பிறகுதான் சத்தம் வந்து சேர்கிறது. பி.ஜி.எம்.ஐ.யில் உனக்குப் பின்னால் ஒருவன் ஓடி வருகிறான். காலடிச் சத்தம் உன் காதுக்கு எட்டும்போது அவன் சுட்டுவிட்டான்.

"யூடியூபில் உதடும் குரலும் சரியாகத்தானே இருக்கு?" என்று ஒரு பையன் மடக்கினான். நல்ல கேள்வி. வீடியோவில் அடுத்து என்ன வரும் என்பது முன்னமே தெரியும், அதனால் படத்தையும் அதே அளவு பிந்தவிட்டு ஒட்டிவிடுகிறார்கள். விளையாட்டில் நீ அடுத்து எதை அழுத்துவாய் என்று யாருக்கும் தெரியாது. ஒட்ட வழியில்லை.

‘கேம் மோட்’ என்று போட்டிருக்கும் குட்டி இயர்பட்ஸ் இந்தத் தாமதத்தைக் குறைக்கும். 40, 50 மில்லி விநாடி என்று அட்டையில் அடித்திருப்பார்கள். பொழுதுபோக்கு ஆட்டத்துக்குப் போதும். எல்.டி.ஏ.சி. என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறாதே, அது பாட்டின் தரத்துக்கானது. வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வயரும் வேண்டாம், தாமதமும் கூடாது என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளோடு வருவது உண்டு. ஆனால் அந்த டாங்கிள் போனின் டைப்-சி ஓட்டையை அடைத்துக்கொள்ளும். சார்ஜ் எங்கே போடுவாய்?

3. ப்ளூடூத்தில் மைக்கைப் போட்டால் பாட்டுப் போயிற்று.

இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. ப்ளூடூத்தில் பாட்டுக்கு ஒரு பாதை, பேச்சுக்கு ஒரு பாதை. கூட்டாளிகளோடு பேச ஆட்டத்துக்குள் மைக்கை ஆன் செய்ததும் கருவி பேச்சுப் பாதைக்கு மாறிவிடும். வெடிச்சத்தம், காலடி எல்லாம் பழைய டெலிபோனில் கேட்கிற மாதிரி ஒடுங்கிவிடும். "புதுசு ஐயா, ரெண்டு நாள்ல கெட்டுப்போச்சு" என்று கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் விஷயம். செட் கெடவில்லை. கூடவே பேசி விளையாடுகிறவனுக்கு வயர்தான் சரி. எல்.இ. ஆடியோ என்ற புது ஏற்பாடு இந்தக் குறையைத் தீர்க்கும்; அதற்குப் போன், இயர்பட்ஸ் இரண்டிலும் அந்த வசதி இருந்தாக வேண்டும்.

4. பின்னில் உள்ள கருப்பு வளையத்தை எண்ணு.

3.5 மி.மீ. பின்னை வெளிச்சத்தில் பிடித்துப் பார். இரண்டு கருப்பு வளையம் இருந்தால் அதில் மைக் கிடையாது, கேட்க மட்டும்தான். மூன்று இருந்தால் மைக் உண்டு. கம்ப்யூட்டருக்கான சில ஹெட்செட்டில் பச்சை, இளஞ்சிவப்பு என இரண்டு பின் தொங்கும்; அதை அப்படியே போனில் செருகிப் பேச முடியாது, இரண்டையும் ஒன்றாக்கும் தனி வயர் வேண்டும்.

உன் போனில் ஓட்டையே இல்லையா? 2016இல் ஐபோன் 7 அதை எடுத்துவிட்டது. பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக எடுத்தார்கள். டைப்-சியிலிருந்து 3.5க்கு மாற்றும் குட்டி வயர் வாங்கும்போது, டி.ஏ.சி. சிப் உள்ளே இருக்கிறதா என்று கேள். சிப் இல்லாத மலிவு வயர் சில போனில் பாடும், பலவற்றில் ஊமை. உன் போனைக் கையோடு கொண்டு போய் அங்கேயே செருகிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடு.

5. மாமா கொண்டு வந்த விளையாட்டுக் கருவி என்றால் அதைப் பற்றித் தனியாக விசாரி.

நிண்டெண்டோ ஸ்விட்ச் இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வராதது. நம் ஊரில் இருப்பதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்தவை. 2017இல் வந்த அந்தக் கருவிக்கு ப்ளூடூத் ஹெட்போன் வசதி 2021இல்தான் மென்பொருள் வழியாகக் கிடைத்தது. ப்ளூடூத் மைக் அதில் வேலை செய்யாது. பிளேஸ்டேஷன் போர்ட்டலில் ப்ளூடூத்தே கிடையாது. ஆனால் இரண்டிலும் 3.5 மி.மீ. ஓட்டை உண்டு, ஸ்டீம் டெக்கிலும் உண்டு. கையடக்கக் கருவி செய்கிறவர்களே வயரை விடவில்லை என்பதைக் கவனி.

6. காதுக்குள்ளேயா, காதுக்கு மேலேயா?

காதை முழுக்க மூடும் பெரிய ஹெட்போன் வீட்டுக்கு நல்லது. சித்திரை வெயிலில் தேனி பஸ் ஸ்டாண்டில் மாட்டிப் பார், காது வெந்துவிடும். ரெக்சின் உறை வேர்வையில் உரிந்து கருப்புச் செதிலாகக் கன்னத்தில் ஒட்டும்; துணி உறை உள்ளது கிடைத்தால் அதை எடு. முதுகு திறந்த வகை என்று ஒன்று உண்டு. சத்தம் அகலமாக, எந்தத் திசையிலிருந்து என்று துல்லியமாக விளங்கும். உள்ளே ஒலிப்பது வெளியிலும் கேட்கும் என்பதால் ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கிற வீட்டுக்கு ஆகாது. ஏலத்தோட்டத்து ஜீப்பைப் பிடிக்க விடியுமுன் எழுகிறவர்கள் வீட்டில் இருந்தால் கட்டாயம் வேண்டாம். காதின் மேல் உட்காரும் சின்ன வகையை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஒரு மணி நேரத்தில் காது மடல் வலிக்கும்.

நம் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குக் காதுக்குள் போகும் இன்-இயர்தான் பொருந்தும். சட்டைப் பையில் அடங்கும், வெளிச் சத்தத்தை அடைக்கும், பாட்டுக்கும் விளையாட்டுக்கும் ஒன்றே போதும்.

7. ரப்பர் முனையை மாற்றிப் பார்க்காமல் செட்டைக் குறை சொல்லாதே.

பெட்டியில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி ரப்பர் முனை இருக்கும். ஏற்கெனவே மாட்டியிருக்கும் நடுத்தரத்தோடு கேட்டுவிட்டு, மற்ற இரண்டையும் பெட்டியோடு பரணில் போடுகிறார்கள். காதில் இடைவெளி விழுந்தால் முதலில் ஓடிப்போவது பேஸ். பாட்டு ஓடும்போது இரண்டு பக்கமும் விரலால் லேசாக அழுத்து. பேஸ் திடீரென்று கூடினால் உன் முனை அளவு சிறியது. அழுத்தியும் மாற்றமில்லை என்றால் சரி. இடது காதுக்கு நடுத்தரம், வலது காதுக்குப் பெரியது என்று அமைவதும் உண்டு. இரண்டு காதும் ஒரே அளவு என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. மாட்டும்போது மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துக்கொண்டு செருகு. முனையைக் கூட்டாளியோடு மாற்றிக்கொள்ளாதே.

8. பாட்டைக் கையோடு கொண்டு போ.

கடையில் போடும் பாட்டு எந்த ஹெட்போனிலும் நன்றாகத்தான் இருக்கும், அதற்கென்றே பொறுக்கி வைத்தது. உனக்கு மனப்பாடமான பாட்டில் சோதி. அந்த விஷயத்தில் நம் பள்ளத்தாக்குக்காரர்களுக்குக் குறையே இல்லை. 1943இல் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவின் பாட்டு இங்கே தொட்டிலிலிருந்தே காதில் விழுகிறது. வாட்ஸ்அப்பில் வந்த தேய்ந்த பாட்டை எடுக்காதே. ஒழுங்கான பதிவாக எடு.

முதலில் ‘அன்னக்கிளி’, 1976. அதன் அசல் பதிவு மோனோ. இரண்டு காதிலும் ஒரே சத்தம் போவதால் ஜானகி அம்மா குரல் சரியாக மண்டைக்கு நடுவில் நிற்க வேண்டும். இடப்பக்கமோ வலப்பக்கமோ சாய்ந்தால் ஒரு பக்கம் பலவீனம், செட்டைத் திருப்பிக் கொடு. பின்னாளில் ஸ்டீரியோவாக மாற்றியதில் இந்தச் சோதனை பலிக்காது. அதே குரலில் ‘ச’, ‘ஸ’ வரும் இடங்களில் ஊசி குத்துகிறதா என்றும் கவனி. குத்தினால் அரை மணி நேரத்தில் தலைவலிதான்.

அடுத்து எண்பதுகளின் ராஜா பாட்டு ஏதாவது. மேலே பாட்டு ஒரு மெட்டில் போகும். கீழே பேஸ் கிட்டார் தனக்கென்று இன்னொரு மெட்டு வாசித்துக்கொண்டே வரும். பேஸ் கிட்டாரின் அடிமட்டத் தந்தி 41 ஹெர்ட்ஸ். போனின் சொந்த ஸ்பீக்கருக்கு அந்த ஆழம் எட்டாது. நல்ல இன்-இயரில் அந்த மெட்டை உன்னால் முணுமுணுக்க முடிய வேண்டும். சுரம் தெரியாமல் ‘திம் திம்’ என்று இடி மட்டும் கேட்டால் அது வீங்கிய பேஸ். விளையாட்டிலும் அந்த வீக்கம்தான் காலடிச் சத்தத்தை மூடும். பாட்டுக்கும் விளையாட்டுக்கும் ஒரே செட்டைத் தேடுகிறவன் இங்கேதான் நின்று நிதானமாகக் கேட்க வேண்டும்.

கடைசியாக 1986இன் ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பம். வயலின்கள் இங்கொன்று அங்கொன்றாகப் பிரிந்து நிற்கின்றனவா, எல்லாம் ஒரே இரைச்சலாக ஒட்டிக்கொள்கின்றனவா என்று கேள். வயலின்களின் இடம் பிரித்துச் சொல்லும் செட், விளையாட்டில் எதிரி எந்தப் பக்கம் என்பதையும் சொல்லும்.

9. அட்டையில் உள்ள எண்களில் பாதி அலங்காரம்.

20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்று எல்லாரும்தான் போடுகிறார்கள். உள்ளே சத்தத்தை எழுப்பும் டிரைவர் பெரிதாக இருந்தால் சத்தம் நன்றாக இருக்கும் என்பதும் இல்லை. 7.1 என்பது பெரும்பாலும் மென்பொருள் வித்தை. உனக்கு இருப்பது இரண்டு காது, உள்ளே இருப்பது இரண்டு பக்கம். பார்க்க வேண்டிய எண் ஓம். 16 முதல் 32 ஓம் வரை போன் எளிதாக ஓட்டும். ஸ்டுடியோவுக்கென்று செய்த 250, 300 ஓம் ஹெட்போனை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால், போனில் முழு வால்யூம் வைத்தும் முனகும்.

10. இரைச்சல் ஒடுக்கும் வசதி பஸ்ஸுக்கு. ஆடிக் காற்றுக்கு ஆகாது.

ஏ.என்.சி. என்பது வெளிச் சத்தத்தை மைக்கில் கேட்டு, அதற்கு எதிர் அலையை உண்டாக்கி அழிப்பது. தொடர்ந்து உறுமும் சத்தத்தை நன்றாக அழிக்கும். கம்பத்திலிருந்து தேனி வரை பஸ் இன்ஜின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போகிறவனுக்கும், போடியிலிருந்து மதுரைக்கு ரயிலில் போகிறவனுக்கும் காசு கொடுத்தது தகும். ஏர் ஹாரனையும் பஸ்ஸில் டிரைவர் வைக்கும் பாட்டையும் அது நிறுத்தாது. தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியாக இறங்கி, கண்டமனூர்ப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றும் மாதங்களில் திறந்த வெளியில் அதைப் போட்டால், காற்று நேரே மைக்கில் மோதிப் படபடக்கும். அப்போது அணைத்துவிடு.

11. வால்யூம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு: பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறையும். 83இல் 20 மணி, 86இல் 10, 89இல் 5. குழந்தைகளுக்கு 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல்தான். வெளியே இரைச்சல் இருந்தால் நம்மை அறியாமல் கூட்டுவோம். அதனால்தான் ரப்பர் முனை சரியாக அடைப்பது காதுக்கும் காவல் என்கிறேன். செட்டைக் கழற்றிய பிறகும் காதுக்குள் ‘ஙொய்’ என்ற ரீங்காரம் நிற்காமல் இருந்தால் கடைக்கு வராதே. க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காது டாக்டரைப் பார்.

12. பில் வாங்கு.

பெரிய கம்பெனிப் பெயரை அச்சடித்த போலி நம் பஜாரிலும் உண்டு, ஆன்லைனிலும் உண்டு. ப்ளூடூத் ஹெட்போனுக்கு பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம், பெட்டியில் ‘ஆர்’ என்று தொடங்கும் எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யார் செய்தது என்று காட்டும். காதுக்குள் போகும் பொருளைப் பிரித்த பிறகு பல தளங்கள் திரும்ப எடுப்பதில்லை. பணம் கட்டுவதற்கு முன் அந்த விதியைப் படி.

13. கையில் இருக்கும் காசுக்கு.

ஆயிரம், இரண்டாயிரம்தான் என்றால் மைக் உள்ள வயர் இன்-இயர், அதுவும் வயர் கழற்றி மாற்றும் வகை. முதலில் அறுவது வயர்தான். தலை நன்றாக இருக்கும்போது முழு செட்டையும் எறிய வேண்டியதில்லை. கொஞ்சம் கூடக் காசு இருந்தால் அதையே வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கென்று தனியாக ஒரு ப்ளூடூத் வாங்கு. அந்தக் குட்டிகளின் பேட்டரி சில வருடங்களில் தளரும், பெரும்பாலானவற்றில் மாற்ற வழியில்லை. அதனால் ப்ளூடூத்தில் பெரிய தொகையைக் கொட்டாதே. கழுத்தில் மாட்டும் நெக்பேண்ட் வாங்கினாலும் தப்பில்லை, தொலையாது. எதை வாங்கினாலும் குமுளி மலைப்பாதையில் பைக்கில் ஏறும்போது பைக்குள் போட்டுவிடு. வளைவில் எதிரே வரும் லாரியின் ஹாரன் உனக்குக் கேட்டாக வேண்டும்.