மருந்து தொடங்கிய மாணவரும் ஆசிரியரும்

தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் 1997இல் முதலில் தொடங்கியது திருச்சியில்தான். இன்று ஸ்ரீரங்கத்து மாணவரும் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை எளிதில் அணுகலாம்.

வளரிளம் பருவத்தினரின் மனச்சோர்வு தீவிரமானால், ஆலோசனையுடன் ஃபுளூஆக்சிடின் போன்ற மாத்திரையை மருத்துவர் பரிந்துரைப்பதுண்டு. பலன் தெரிய 4 முதல் 6 வாரங்கள் ஆகலாம். ஆனால் தொடக்க வாரங்களிலேயே சிலருக்குப் பதற்றமோ தற்கொலை எண்ணமோ கூடக்கூடும். ஆசிரியரின் கவனம் மிகவும் தேவைப்படும் காலம் இதுவே.

எரிச்சல், அமைதியின்மை, 'இருந்து என்ன பயன்' என்ற பேச்சு ஆகியவற்றைக் கண்டால் மாணவரைத் தனியே விடாதீர்கள். பெற்றோருக்கு உடனே தெரிவித்து மருத்துவரை அணுகச் செய்யுங்கள். மாத்திரையை நிறுத்தும் முடிவு மருத்துவருடையது. நாம் அறிவுரை கூற வேண்டாம். செய்தி வகுப்பில் பரவாமல் காப்பதும் நம் கடமை. 24 மணி நேர உதவிக்கு: டெலி மானஸ் 14416.