கடுகண்ணாவையில் ஹைட்ரேஞ்சியா: எந்தச் செடி, எந்த இடம்?

நுவரெலியாவில் நீலப் பூப்பந்துகளைப் பார்த்து ஆசைப்பட்டு, திரும்பும் வழியில் ஒரு பூச்சட்டி வாங்கி வருகிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். வாங்கிய பூ சில வாரம் நிற்கும். மறு வருடம் இலை மட்டும் தழைக்கும், பூவைக் காணோம். பசளை போதவில்லையோ என்று யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் இன்னும் பெருகும்.

குறை பசளையில் இல்லை, இரவில் இருக்கிறது. பந்துபோலப் பூக்கும் சாதாரண ஹைட்ரேஞ்சியா ஜப்பானிலிருந்து வந்த செடி. சுமார் ஆறு வாரம் இரவுக் குளிர் 18 பாகைக்குக் கீழே இருந்தால்தான் கொப்பு நுனியில் பூமொட்டு நன்றாக உருவாகும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே வருடச் சராசரியே 16 பாகையளவுதான். கடுகண்ணாவை ஏறத்தாழ 500 மீற்றர். மார்கழி, தை இரவுகளில் அந்தக் குளிரை இங்கே தொட்டும் தொடாமலும் நிற்கிறோம். அதனால் ஒரு வீட்டில் பூக்கும், அடுத்த வீட்டில் பூக்காது.

வாங்கும்போது யோசிக்க வேண்டியதும் இதுதான். மலையிலிருந்து பூவோடு வரும் சட்டி, அங்கத்தைய குளிரில் மொட்டு வைத்தது. அந்தப் பூவை நம்பி இங்கே அடுத்த பூவை எதிர்பார்க்க முடியாது. கடுகண்ணாவைக் கணவாய்ப் பக்கத்திலேயே வருடா வருடம் பூக்கும் செடி எந்த வீட்டில் நிற்கிறது என்று விசாரித்து, ஒரு கொப்பு கேட்டு வாங்குங்கள். என் மனதுக்கு அதுதான் முதல் தெரிவு. பூ இல்லாத கொப்பில் இரண்டு மூன்று கணுவோடு வெட்டி, அடி இலைகளை நீக்கி, மேல் இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, மணலும் தும்புத்தூளும் கலந்த கலவையில், நிழலில் ஊன்றினால் ஒரு மாதத்துக்குள் வேர் பிடிக்கும்.

நிலமா, சட்டியா? கிழக்குப் பார்த்த, காலை வெயில் மட்டும் விழும், தண்ணீர் தேங்காத இடம் இருந்தால் நிலம். இல்லாவிட்டால் பெரிய சட்டிதான் நல்லது, பங்குனி வெயிலில் நகர்த்தி வைக்கலாம். நண்பகலில் இலை துவண்டுவிட்டது என்று உடனே வாளியைத் தூக்காதீர்கள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அந்தி சாயும்போது இலை தானாக நிமிரும். ஈர மண்ணில் மேலும் மேலும் ஊற்றித்தான் வேர் அழுகுகிறது. கத்தரிப்பதைப் பூ முடிந்த கையோடு செய்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நுனியை வெட்டினால் வரவிருந்த பூவையே வெட்டுகிறோம்.

நிறத்தைத் தீர்மானிப்பது மண். புளிப்பான மண்ணில், பி.எச். 5.5க்குக் கீழே, அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும், பூ நீலமாகும். பழைய தேயிலைக் காணிகளில் இது தானாக அமையும். அதே தாய்ச்செடியின் கொப்பை, கட்டட வேலையில் சீமெந்தும் சுண்ணாம்பும் கொட்டிய சுவரோரத்தில் வைத்தால் இளஞ்சிவப்பாகப் பூக்கும். நீலம் வேண்டுமானால் அந்தப் பக்கம் டொலமைற் போடாதீர்கள். வெள்ளை ரகம் எந்த மண்ணிலும் நீலமாகாது.

முற்றம் முழுக்க வெயில் என்றால் ஹைட்ரேஞ்சியாவை மறந்துவிட்டு முசெண்டா நடுங்கள். அதை ஏதோ இரண்டாம் தரம் என்று நினைக்க வேண்டாம். ஹைட்ரேஞ்சியாவில் நாம் பூவிதழ் என்று ரசிப்பது புல்லிதழ். இளஞ்சிவப்பு, வெள்ளை முசெண்டாக்களிலும் அப்படியே, அதனால்தான் இரண்டும் நாள்கணக்கில் வாடாமல் நிற்கின்றன. முசெண்டாவுக்குக் குளிர் தேவையில்லை, நம் வெயிலே போதும். வெயிலில் கொத்துக் கொத்தாகச் சாய்ந்து பூக்கும்போது வேலியே தெரியாது.

காணி பெரிது, பந்துபோன்ற பூதான் வேண்டும் என்றால் மடகஸ்கார் நாட்டு டொம்பேயா கிடைக்கிறதா என்று பூக்கன்றுக் கடைகளில் கேளுங்கள். அகன்ற இலைகளுக்கடியில் இளஞ்சிவப்புப் பந்துகள் தொங்கும். ஆளுயரத்தைத் தாண்டி வளரும், காய்ந்த பூ உதிராமல் பழுப்பாகத் தொங்கும், அதை நாம்தான் வெட்ட வேண்டும். சின்ன முற்றத்துக்கு இது சரிவராது.

ஆடு, மாடு வளர்க்கும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஹைட்ரேஞ்சியாவின் இலையிலும் மொட்டிலும் நஞ்சு உண்டு. வெட்டிய கொப்புகளைத் தொழுவப் பக்கம் எறியாதீர்கள்.