ஒன்று ஓய்ந்தாலும் பணி ஓயாது

ஆயிரம் மாணவியர் பயிலும் பள்ளியில் ஒரே ஒரு குடிநீர்க் குழாய் இருப்பதாக எண்ணிக் கொள்வோம். இடைவேளை முழுவதும் வரிசையில் நிற்பதிலேயே கழிந்துவிடும். அந்தக் குழாயும் பழுதானால் அனைவரும் தாகத்தோடு வகுப்புக்குத் திரும்ப வேண்டியதுதான். வங்கிக் கணக்குகளையும் ரயில் முன்பதிவுகளையும் காக்கும் கணிப்பொறிகளுக்கும் இதே இடர் உண்டு. ஆகவே, பல கணிப்பொறிகளை இணைத்து ஒரே தரவுத்தளமாக இயக்குகின்றனர். இதனைக் கணிப்பொறிக் கொத்து என்றும், அதிலுள்ள ஒவ்வொரு கணிப்பொறியையும் கணு என்றும் அழைப்பர்.

சுமையைப் பகிர்தல்

தரவுத்தளத்தின் வேலைகள் இருவகை. ஒன்று, இருப்பதைப் படித்துச் சொல்லுதல். மற்றொன்று, புதிதாக எழுதுதல். ஒரே ஏட்டின் பிரதிகள் எல்லாக் கணுக்களிலும் இருப்பதால், படிக்கும் வேலையை எந்தக் கணுவும் செய்யலாம். முன்னே நிற்கும் சுமைப் பங்கீட்டு நிரல், வரும் வேண்டுகோள்களை முறை வைத்தோ, வேலை குறைவாக உள்ள கணுவைப் பார்த்தோ அனுப்புகிறது. எழுதும் வேலையைப் பெரும்பாலான கொத்துகளில் தலைமைக் கணு ஒன்றே ஏற்று, பிறகு மற்றவற்றுக்குப் பிரதி அனுப்புகிறது.

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மூன்று கணுக்கள் தம் ஆற்றலில் 60 விழுக்காடு உழைக்கின்றன. ஒன்று நின்றுவிட்டால் மற்ற இரண்டும் 90 விழுக்காடு சுமக்கும், சமாளித்துவிடலாம். முதலிலேயே 80 விழுக்காடு என்றால், எஞ்சியவை 120 விழுக்காடு சுமக்க நேரும், அவையும் விழும். எனவே ஓய்வாகத் தோன்றும் ஆற்றல் வீண் அன்று; அதுவே காப்பு.

கணு செயலிழந்தால்

ஒவ்வொரு கணுவும் குறித்த இடைவெளியில் 'நலம்' என்று செய்தி அனுப்பும். இதற்கு இதயத்துடிப்பு என்று பெயர். துடிப்பு சில முறை வராவிட்டால் அக்கணு விலக்கப்படும். தலைமைக் கணுவே மௌனமானால் மற்றவை வாக்களித்துப் புதிய தலைமையைத் தேர்ந்தெடுக்கும். இம்முறையை விளக்கும் 'ராஃப்ட்' என்னும் வழிமுறையை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டியேகோ ஒங்காரோவும் ஜான் ஔஸ்டர்ஹவுட்டும் 2014-இல் வெளியிட்டனர்.

வாக்கெடுப்பு எதற்கு? மௌனம் எப்போதும் மரணம் அன்று. இடையிலுள்ள கம்பி அறுந்தும் இருக்கலாம். அப்போது இருபுறமும் தலைமை தோன்றினால் இரண்டு கணக்கேடுகள் பிறந்துவிடும். ஆகவே மூன்றில் இரண்டு, ஐந்தில் மூன்று எனப் பெரும்பான்மை உள்ள பக்கமே எழுதலாம். சிறுபான்மை காத்திருக்க வேண்டும்.

43 விநாடி தந்த பாடம்

நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் நிறுவனத்தில், 2018 அக்டோபர் 21 அன்று, அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பழுது பார்க்கும்போது இணைப்பு 43 விநாடிகள் அறுந்தது. காவல் நிரல்கள் பெரும்பான்மைப்படி மேற்குக் கரைக்குத் தலைமையை மாற்றின. ஆனால் கிழக்கில் அதற்குச் சற்று முன் எழுதப்பட்டவற்றுள் சில, மேற்கை வந்தடையவே இல்லை. இணைப்பு மீண்டபோது இருபுறமும் மற்றதில் இல்லாத பதிவுகள் இருந்தன. விரைவைவிடக் கணக்கின் உண்மையே முக்கியம் என்று முடிவு செய்து, பொறியாளர்கள் பழைய பிரதிகளிலிருந்து சீரமைத்தனர். சேவை முழுமையாகச் சீராக 24 மணி 11 நிமிடம் ஆயிற்று.

தேர்தல் சரியாக நடந்தும் ஏடு ஒத்துப்போகவில்லை என்பதே இங்கு நாம் அறிய வேண்டியது. பெரும்பான்மைக் கணுக்களில் பிரதி சேர்ந்த பிறகே 'எழுதியாயிற்று' என்று சொல்லும் கொத்தில் இத்தவறு நேராது. ஆயினும் ஒவ்வோர் எழுத்துக்கும் சிறிது காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பே நம்பிக்கையின் விலை. பலர் கூடிச் செய்யும் பணியில் ஆட்கள் இருந்தால் மட்டும் போதாது; ஒருவர் அறிந்ததை மற்றவரும் அறிந்திருக்க வேண்டும் அன்றோ!