பரதேசிகளுக்கு இடங்கொடுப்பது



சரீர சம்பந்தமான தர்மக்கிரியைகள் ஏழு என்று நம்மில் பெரியவர்கள் ஞானோபதேசத்தில் மனப்பாடம் பண்ணினோம். பசித்தவர்களுக்குச் சோறு, தாகமுள்ளவர்களுக்குத் தண்ணீர் என்று சொல்லிக்கொண்டே போகையில், நடுவிலே பரதேசிகளுக்கு இடங்கொடுப்பது என்ற ஒன்றும் வரும். மற்ற ஆறையும் ஏதோ ஒரு விதமாய் நம் பங்கில் செய்து வருகிறோம். இந்த ஒன்றைத்தான் செய்வது அரிது. சோற்றை வாசற்படியில் நின்றே கொடுத்துவிடலாம். இடங்கொடுக்க வேண்டுமானால் வாசலைத் திறந்தாக வேண்டும்.

அதிலும் இரண்டு வகை உண்டு. 2004-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 26-ந்தேதி கடல் பொங்கிப் பட்டினப்பாக்கத்திலும் சீனிவாசபுரத்திலும் புகுந்தபோது, ஓடிவந்த ஏழைகளைக் கண்டு இரங்காதவர் யார்? ஆனால் கடலானது, தன்னிடமிருந்து தப்பியவனுக்கு யார் இடங்கொடுத்தார்கள் என்று விசாரித்து வந்து பழிவாங்குவதில்லை. மனிதருக்கு அஞ்சி ஓடிவந்தவனுக்கு இடங்கொடுத்தாலோ, அவனைத் துரத்தியவன் நம் வாசலிலும் வந்து நிற்பான். அப்போது இரக்கம் மாத்திரம் போதாது, திடமும் வேண்டும். இஸ்பிரீத்து சாந்துவின் ஏழு வரங்களில் ஒன்றாகிய அந்தத் திடம் யுத்தகாலத்தில் எப்படி விளங்கிற்று என்பதை, கடலுக்கு அக்கரையில் நம் பாஷை பேசுகிற ஒரு சிறு பங்கிலிருந்து இன்று படிப்போம்.

அல்லைப்பிட்டிக் கோவில்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைக் கடற்பாதை வழியாய்த் தீவுப்பகுதிக்குப் போகிறவர்கள் அல்லைப்பிட்டி என்ற ஊரைக் காண்பார்கள். அங்கே அர்ச். பிலிப்பு நேரியார் பேரால் ஒரு கோவில் உண்டு. 2006-ம் ஆண்டு மே மாதம் 13-ந்தேதி இரவு அந்த ஊரில் ஒரு வீட்டுக்குள் ஆயுதந்தாங்கியவர்கள் புகுந்து, கைக்குழந்தை என்றும் பாராமல் சுட்டுக்கொன்றார்கள். பயந்துபோன குடும்பங்கள் பல ஊரை விட்டு வெளியேறின. அந்த வருஷம் அந்தப் பங்கின் பொறுப்பை ஏற்றவர் திருச்செல்வம் நிகால் ஜிம் பிரவுண் என்னும் குருவானவர். அப்போது அவருக்கு வயது முப்பத்துநான்கு.

ஆகஸ்டு மாதத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் யுத்தம் மறுபடியும் மூண்டது. எறிகணைகள் வந்து விழத் தொடங்கியதும், அல்லைப்பிட்டி ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய இடம் அவர்களுடைய கோவில். கோவிலில் அடிக்கமாட்டார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. ஜிம் பிரவுண் சுவாமியாரும் அவர்களோடு இருந்தார். ஆனால் 13-ந்தேதி, ஞாயிற்றுக்கிழமை, விடியுமுன் எறிகணைகள் அந்தக் கோவில்மேலேயே விழுந்தன. அடைக்கலம் புகுந்திருந்தவர்களில் பதினைந்து பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். காயம்பட்டவர்கள் இன்னும் அநேகர்.

சுவாமியார் அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. காயம்பட்டவர்களை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழிவிடும்படி, பாதையை மறித்திருந்த கடற்படையினரிடம் மன்றாடினார், கொண்டுபோய்ச் சேர்த்தார். பின்பு, மிஞ்சிய குடும்பங்களை அங்கே விட்டுவைப்பது ஆபத்து என்று கண்டு, ஊர்காவற்றுறையிலுள்ள தேவமாதா கோவிலுக்கு அழைத்துச் சென்றார். திடம் என்பது கண்ணை மூடிக்கொண்டு ஆபத்தில் குதிப்பதல்ல என்பதை இங்கே கவனியுங்கள். ஒரு கதவு காக்காதபோது இன்னொரு கதவைத் தேடிக் கொடுத்தார் அவர். இதற்காக அவர்மேல் சந்தேகப்பட்டு அவரை மிரட்டியவர்களும் உண்டு.

ஒரு வாரம் சென்று, 20-ந்தேதி ஞாயிற்றுக்கிழமை, விமலதாஸ் என்ற பங்கு விசுவாசி ஒருவரோடு அவர் மோட்டார் சைக்கிளில் அல்லைப்பிட்டிக்குப் போனார். கடற்படையின் காவற்சாவடியருகே அவர்களைக் கண்டவர்கள் உண்டு. அதற்குப்பின் கண்டவர்கள் இல்லை. தாங்கள் அவர்களைப் பிடிக்கவில்லை என்று கடற்படையார் சொன்னார்கள். யாழ்ப்பாணம் மேற்றிராணியார் நாட்டின் ஜனாதிபதி வரையில் முறையிட்டார். குருவானவரும் திரும்பவில்லை, அவரோடு துணைக்குப் போன குடும்பஸ்தரும் திரும்பவில்லை. அடக்கம் பண்ணச் சரீரங்கூடக் கிடைக்கவில்லை.

வீணாய்ப் போயிற்றோ?

இதை வாசிக்கிற உங்களில் சிலர் உள்ளுக்குள்ளே ஒன்று கேட்பீர்கள். கோவிலுக்குள் வந்தவர்கள் தப்பவில்லையே, இடங்கொடுத்தவரும் தப்பவில்லையே, அப்படியானால் கதவைத் திறந்ததால் என்ன பிரயோசனம்? நியாயமான கேள்விதான். இதற்கு விடை தேடுமுன், இதே கேள்வி இன்னும் கூர்மையாய் எழும்பிய ஓர் ஏழை வீட்டையும் பார்ப்போம்.

போலந்து தேசத்தின் தென்கிழக்கில் மார்க்கோவா என்ற கிராமம். அங்கே யோசேப்பு உல்மா என்ற விவசாயியும் அவர் மனைவி விக்டோரியாவும் வாழ்ந்தார்கள். அவர் பழமரங்கள் வளர்ப்பார், ஓய்வு நேரத்தில் படம் பிடிப்பார். அவர்களுக்குப் பிள்ளைகள் ஆறு. இட்லரின் படைகள் அந்நாட்டைப் பிடித்துக்கொண்டு, யூத ஜனங்களை அடியோடு அழிக்கத் தொடங்கிய காலம் அது. யூதனுக்கு இடங்கொடுக்கிறவனுக்கும் மரணமே தண்டனை என்று 1941-ம் ஆண்டு அக்டோபரில் அங்கே உத்தரவு போட்டார்கள். அப்படியிருந்தும் 1942-ம் ஆண்டின் கடைசியில் உல்மா குடும்பத்தார் எட்டு யூதர்களைத் தங்கள் சிறிய வீட்டின் பரணில் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. ஒரு வருஷத்துக்கு மேலாய்.

1944-ம் ஆண்டு மார்ச் மாதம் 24-ந்தேதி, காட்டிக்கொடுக்கப்பட்டு, ஜெர்மன் போலீசார் அந்த வீட்டுக்கு வந்தார்கள். எட்டு யூதர்களையும் சுட்டார்கள். யோசேப்பையும், நிறைமாதக் கர்ப்பவதியாயிருந்த விக்டோரியாவையும் சுட்டார்கள். பிறகு ஆறு பிள்ளைகளையும் சுட்டார்கள். மூத்த பெண்ணுக்கு வயது ஏழு. அந்தக் குடும்பம் வாசித்துவந்த வேதாகமம் பிற்பாடு கிடைத்தது. நல்ல சமாரியனைப் பற்றிய பகுதியில் சிவப்புக் கோடிட்டு, பக்கத்தில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தது: ஆம்.

2023-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 10-ந்தேதி திருச்சபை இந்தக் குடும்பம் முழுவதையும், அந்தக் கொடிய நாளில் பிறந்த சிசுவையும் சேர்த்து, முத்திப்பேறு பெற்றவர்களாய் உயர்த்திற்று. தகப்பன், தாய், பிள்ளைகள் எல்லாரும் ஒருமிக்க அப்படி உயர்த்தப்பட்டது அபூர்வம்.

தாய்மார்களின் கேள்வி

தங்கள் உயிரைக் கொடுக்கலாம். பிள்ளைகளின் உயிரை ஆபத்தில் வைக்க அவர்களுக்கு என்ன உரிமை என்று தாய்மார்கள் கேட்பீர்கள். இதை லேசாய்த் தள்ளிவிடக் கூடாது. விக்டோரியாவும் தாய்தான், இந்தக் கேள்வி எத்தனை இரவுகள் அவளைத் தூங்கவிடாமல் வைத்திருக்கும்! ஆனாலும் இரண்டு காரியங்களை நினைவில் வைக்க வேண்டும். முதலாவது, பிள்ளைகளைக் கொன்ற பாவம் கொன்றவனைச் சேர்ந்தது, கதவைத் திறந்தவளைச் சேர்ந்ததல்ல. குற்றத்தை நல்லவர்கள் தலையில் மாற்றி வைப்பது கொடுங்கோலனின் பழைய தந்திரம். "உன்னால்தான் உன் பிள்ளை சாகிறான்" என்று சொல்லியே அவன் உலகத்தின் கதவுகளையெல்லாம் சாத்திவிடுகிறான். இரண்டாவது, அவள் பரணில் இருந்தவர்களுக்குள்ளும் ஒரு தாய் இருந்தாள். அவளுக்கும் ஒரு சின்னப் பெண் இருந்தது. தன் பிள்ளை பிள்ளை, அடுத்தவள் பிள்ளை பிள்ளையல்ல என்று விக்டோரியாவால் சொல்ல முடியவில்லை.

வீணாய்ப் போயிற்றோ என்ற கேள்விக்கும் மார்க்கோவாவிலேயே விடை இருக்கிறது. உல்மா குடும்பத்தாரின் பிணங்களைக் கண்ட பிறகும், அந்தக் கிராமத்தில் யூதரை ஒளித்து வைத்திருந்த மற்ற வீடுகள் அவர்களை வெளியே தள்ளவில்லை. சுமார் இருபது யூதர்கள் யுத்தம் முடியும்வரை அந்த ஊரில் பிழைத்திருந்தார்கள். விதைத்தவர் மாண்டார், விளைந்தது வேறொரு வயலில்.

யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்களுக்கு இடமில்லாதிருந்தபோது, 1687-ம் ஆண்டு கூலியாள் வேஷத்தில் வந்திறங்கிய சூசை வாஸ் முனிவரைச் சில்லாலைக் கிறிஸ்தவர்கள் தங்களிடம் வைத்துக் காத்தார்கள். பின்பு கண்டியில் அவருக்கு ஆதரவு காட்டியவன் பௌத்த அரசன். அந்தக் குருவானவரை 2015-ம் ஆண்டு ஜனவரி மாதம் 14-ந்தேதி பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அர்ச்சியசிஷ்டவராக உயர்த்தினார். அன்றைக்குச் சில்லாலையில் கதவு திறந்தவர்களுக்கு இது தெரியுமா? தெரியாது. வந்தவன் பிழைப்பானா, தாங்கள் பிழைப்போமா என்று தெரியாமல்தான் அவர்களும் திறந்தார்கள். ஜிம் பிரவுண் சுவாமியாரும் அப்படியே. கதவைத் திறப்பது நம் வேலை, பலன் சர்வேசுரனுடையது.

வந்தவன் யார்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். துரத்துகிறவன் எப்போதும் பிறத்தியான் அல்ல. சில சமயம் நம்மவனே. பதினாறாம் நூற்றாண்டில் நம் பக்கத்துச் சாந்தோமில் குடியேறிய அதே போர்த்துக்கேயர், மலையாளக் கரையில் யூதர்களை உபத்திரவப்படுத்தினார்கள். கொடுங்கல்லூரை விட்டு வந்த யூதர்களுக்குக் கொச்சி ராஜா தம் அரண்மனை ஓரத்திலேயே நிலம் கொடுத்தார். 1568-ல் அங்கே எழும்பிய அவர்களுடைய ஜெபாலயம் இன்றும் பரதேசி ஜெபாலயம் என்றே பெயர் பெற்றிருக்கிறது. பரதேசிக்கு இடங்கொடுத்தவர் இந்து ராஜா. துரத்தியவர்கள் நெற்றியில் சிலுவை வரைந்தவர்கள். யூதர்மேல் எக்காலத்திலும் யார் காட்டிய பகையையும் திருச்சபை கண்டிக்கிறது என்று 1965-ம் ஆண்டு அக்டோபரில் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் அறிவித்ததை நாம் இந்த வெட்கத்தோடு சேர்த்தே வாசிக்க வேண்டும்.

இலங்கையிலும் இப்படியே. 1983-ம் ஆண்டு ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தபோது, அக்கம்பக்கத்துச் சிங்களக் குடும்பங்கள் பல தமிழரை உள்ளறைகளில் ஒளித்து வைத்துக் காப்பாற்றின. 1990-ம் ஆண்டு அக்டோபரில் வடக்கேயிருந்த முஸ்லிம்கள், எழுபதாயிரம் பேருக்கு மேல், வீடு வாசலை விட்டு விரட்டப்பட்டார்கள்; விரட்டியவர்கள் தமிழ்ப் போராளிகள். ஆதலால் நல்ல சமாரியன் உவமையைக் கேட்கும்போது, அடிபட்டுக் கிடந்தவன் நம்மவன் என்றே எப்போதும் எண்ணிக்கொள்ள வேண்டாம். அடித்தவன் நம்மவனாயிருந்தால் நாம் என்ன செய்வோம் என்பதுதான் பரீட்சை.

நம் வாசலில்

நம் பேட்டையில் எறிகணை விழுவதில்லை. அதற்காகச் சர்வேசுரனுக்குத் தோத்திரம். ஆனாலும் துரத்தப்பட்டவர்கள் நம் வாசலுக்கு வராமலில்லை. நள்ளிரவில் புருஷன் கையில் அடிபட்டு ஓடிவரும் பக்கத்துவீட்டுப் பெண் ஒருத்தி. சாதி மாறிக் கலியாணம் செய்ததால் சொந்த ஜனத்துக்கே அஞ்சி நிற்கும் இளந்தம்பதிகள். அகதி என்று சொன்னவுடனே வீடு வாடகைக்கு இல்லை என்று கேட்டுக் கேட்டுக் களைத்த இலங்கைக் குடும்பம். இவர்களுக்கு இடங்கொடுத்தால் நமக்கும் கொஞ்சம் பகை வரும், பேச்சு வரும், சில சமயம் போலீசு ஸ்டேஷனுக்கும் நடக்க வேண்டி வரும். ஆகவேதான் "நமக்கேன் வம்பு?" என்ற சொல் நம் வீடுகளில் அவ்வளவு சுலபமாய் வருகிறது.

அர்ச். சூசையப்பரும் தேவமாதாவும் பாலனாகிய சேசுநாதரைத் தூக்கிக்கொண்டு ஏரோதுக்குத் தப்பி எகிப்துக்கு ஓடினார்கள். அங்கே யாரோ ஒருவர் அவர்களுக்குத் திண்ணையாவது கொடுத்திருப்பார். அவர் பெயர் சுவிசேஷத்தில் இல்லை. அவருக்கு வம்பு வேண்டாம் என்று தோன்றியிருந்தால் நம் கதி என்ன?

இந்த வாரம் குடும்ப ஜெபமாலை முடிந்தபின் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து பேச மூன்று கேள்விகள்:

1. இடங்கொடுத்தும் காப்பாற்ற முடியாமற்போன ஜிம் பிரவுண் சுவாமியாரின் செயல் ஏன் வீணல்ல?

2. நம்மவரால் துரத்தப்பட்ட ஒருவர் நம் வீட்டுக் கதவைத் தட்டினால் நாம் யார் பக்கம் நிற்போம்?

3. நம் தெருவில் இன்று அஞ்சி வாழ்கிறவர் யார்? அவருக்கு நம் வீட்டுக் கதவு திறக்கும் என்பது அவருக்குத் தெரியுமா?

பேசி முடித்தபின், அல்லைப்பிட்டிக் கோவிலில் மாண்டவர்களுக்காகவும், ஜிம் பிரவுண் சுவாமியாருக்காகவும், அவரோடு போய்த் திரும்பாத விமலதாசுக்காகவும், இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவர்கள் வீட்டாருக்காகவும் ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறை மந்திரமும் சொல்லுங்கள்.