காற்று வடிகட்டியை எப்போது கழுவ வேண்டும்?

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று தேவைப்படுகிறது. அது ஒரு சிறிய அறையையே நிரப்பிவிடும் அளவாகும். சாலையில் ஓடும் மகிழுந்து அந்தக் காற்றோடு தூசியையும் மணல் துகள்களையும் சேர்த்தே உள்ளிழுக்கிறது. மணலில் உள்ள குவார்ட்சு சாதாரண இரும்பைவிடக் கடினமானது. கண்ணுக்குப் புலப்படாத துகள்கூட எஞ்சினுக்குள் நுழைந்தால், பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டரின் சுவரையும் உரசித் தேய்க்கும். இதைத் தடுப்பதே காற்று வடிகட்டியின் வேலை.

பெரும்பாலான மகிழுந்துகளில் காகித வடிகட்டியே பொருத்தப்படுகிறது. அழுக்கேறியதும் அதை எறிந்துவிட்டுப் புதியதை மாற்றுவர். கழுவி மீண்டும் பயன்படுத்தக்கூடிய வடிகட்டியும் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1969-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'கே அண்ட் என்' நிறுவனம் இவ்வகையைப் பரவலாக்கியது. பருத்தி வலைத்துணியை அடுக்கடுக்காக வைத்து, இருபுறமும் மெல்லிய கம்பிவலையிட்டு, மடிப்பு மடிப்பாக அமைத்து, பிசுபிசுப்பான எண்ணெயைப் பூசியிருப்பார்கள். பருத்தி இழைகளுக்கு இடையே உள்ள துளைகள் பல தூசித் துகள்களைவிடப் பெரியவை. ஆகவே, துகள்களைப் பிடித்து வைப்பதில் எண்ணெய்க்குப் பெரும் பங்கு உண்டு. எண்ணெய் இல்லாத பருத்தி வடிகட்டி வெறும் துணிதான்.

மகிழுந்தைக் கழுவும்போதெல்லாம் வடிகட்டியையும் கழுவிவிடுவது நல்லது என்று சிலர் எண்ணுகின்றனர். ஆனால், இழைகளில் ஒட்டிய தூசி அடுத்து வரும் தூசியைப் பிடிக்க உதவுகிறது. அதனால், ஓரளவு அழுக்கேறிய வடிகட்டி, இப்போதுதான் கழுவிய வடிகட்டியைவிட நன்றாகவே வடிகட்டும். அடிக்கடி கழுவுவது அந்தப் பயனை இழக்கச் செய்கிறது. கையாளும் ஒவ்வொரு முறையும் துணி கிழியவும் வாய்ப்புண்டு. நல்ல சாலைகளில் செல்லும் வாகனங்களுக்கு ஏறக்குறைய 80,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கழுவினால் போதும் என்று அந்நிறுவனமே கூறுகிறது.

எனினும், கிலோமீட்டர் கணக்கை மட்டும் நம்பிவிட முடியாது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் நாள்தோறும் செல்லும் மகிழுந்தையும் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் லோரிகளுக்குப் பின்னால் செல்லும் மகிழுந்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே தூரம் ஓடியிருந்தாலும், தோட்டத்து வாகனத்தின் வடிகட்டி பல மடங்கு தூசியைச் சுமந்திருக்கும். ஆகவே, வடிகட்டியை வெளியே எடுத்துப் பார்ப்பதே சரியான வழி. மடிப்புகளுக்கு மேலே உள்ள கம்பிவலை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அழுக்கு மூடியிருந்தால் கழுவும் நேரம் வந்துவிட்டது. கம்பிவலை இன்னும் தெரிகிறது என்றால், அப்படியே திரும்ப வைத்துவிடலாம்.

அதற்குள் பெட்ரோல் செலவு கூடிவிடுமே என்ற அச்சமும் தேவையில்லை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கணினிக் கட்டுப்பாடு கொண்ட இன்றைய எஞ்சின்களில் அடைபட்ட வடிகட்டி எரிபொருள் செலவை அவ்வளவாகக் கூட்டுவதில்லை. வேகத்தைக் கூட்டும்போதுதான் வாகனம் தடுமாறும்.

கழுவும் முறை எளிது. ஆனால் பொறுமை வேண்டும். அதற்கென விற்கப்படும் திரவத்தை இருபுறமும் தெளித்து, அழுக்கு ஊறுவதற்குப் பத்து நிமிடம் விட வேண்டும். பிறகு, தூய்மையான பக்கத்திலிருந்து அழுக்கான பக்கம் நோக்கித் தண்ணீரை மெதுவாகச் செலுத்த வேண்டும். எதிர்த் திசையில் செலுத்தினால் அழுக்கு துணிக்குள் மேலும் ஆழமாகப் புகுந்துவிடும். காற்றழுத்தக் கருவி துணியைக் கிழிக்கும். கூந்தல் உலர்த்தியின் வெப்பம் பருத்தியைச் சுருக்கும். நிழலில் தானாக உலரவிடுவதே நல்லது. மழைக்காலத்தில் இதற்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அவசரமாக வாகனம் தேவைப்படுவோர் காகித வடிகட்டி ஒன்றைக் கைவசம் வைத்திருப்பது நல்லது.

நன்கு உலர்ந்த பிறகே எண்ணெய் பூச வேண்டும். ஒவ்வொரு மடிப்பிலும் சிறிதளவு பூசி, இருபது நிமிடம் காத்திருந்தால் எண்ணெய் பரவிவிடும். சிவப்பு நிறம் ஏறாமல் வெளிறியிருக்கும் இடங்களில் மட்டும் மீண்டும் தொட்டுவைக்கலாம். குறைவாகப் பூசினால் தூசி தப்பிவிடும். அளவுக்கு மீறிப் பூசினாலோ, எண்ணெய்த் துளிகள் காற்றோடு போய், உள்ளே வரும் காற்றை அளக்கும் உணரியின் மெல்லிய சூட்டுக்கம்பியில் படியக்கூடும். அப்போது கணினிக்குத் தவறான அளவு கிடைக்கும், எஞ்சின் குலுங்கும், எச்சரிக்கை விளக்கு எரியும். அந்த உணரியை மாற்றும் செலவில் பல காகித வடிகட்டிகளை வாங்கிவிடலாம்.

வடிகட்டியைத் திரும்பப் பொருத்தும்போது அதன் ரப்பர் விளிம்பு பெட்டிக்குள் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். சிறிய இடைவெளி இருந்தாலும், தூசி வடிகட்டியைத் தொடாமலேயே எஞ்சினுக்குள் போய்விடும்.