பெறுபேறு வரும்வரை காத்திருக்க வேண்டாம்: தலவாக்கலைப் பிள்ளைக்குத் தொழில் வழி காட்டுவது எப்படி?

சாதாரண தரப் பரீட்சை முடிந்த மறுவாரம் தலவாக்கலை ரயில் நிலையத்தில் நின்று பாருங்கள். முதுகில் ஒரு பையோடு கொழும்புக் கடைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் நிற்பார்கள். கேட்டால், "ரிசல்ட் வரும்வரைக்கும்தான் சேர்" என்பார்கள். பெறுபேறு வர மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் கையில் சம்பளம் புழங்கிவிடும். வீட்டுக் கடன் ஒன்று அந்தச் சம்பளத்தை நம்பி நிற்கும். நல்ல பெறுபேறு வந்த பிறகும் திரும்பி வராத பிள்ளைகள் உண்டு.

அந்த மேடையில் போய்ப் பிள்ளையை மறித்துப் புத்தி சொல்வதில் பயனில்லை. வழிகாட்டலை இரண்டு வருடம் முந்தித் தொடங்க வேண்டும். ஆசிரியர், பெற்றோர், லயத்தில் படித்து முடித்த அக்கா அண்ணன் என்று யாரும் தொடங்கலாம். நாற்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்று போதும்.

ஒன்பதாம் தரம்: கண்ணில் படும் வேலைகள்

"நீ என்னவாக வரப்போகிறாய்?" என்று கேட்காதீர்கள். டீச்சர், டொக்டர், போலீஸ் என்று மூன்று பதில்தான் வரும். பிள்ளை அருகில் நின்று பார்த்த உத்தியோகங்கள் அவ்வளவுதான். "இந்த வாரம் யார் யார் வேலை செய்வதைப் பார்த்தாய்?" என்று கேளுங்கள். இடப்பக்கத்தில் வேலையின் பெயர். வலப்பக்கத்தில் மூன்று கேள்வி: காலையிலிருந்து மாலைவரை அவர் என்ன செய்கிறார், என்ன படித்தார், அவரை வேலைக்கு எடுத்தது யார்?

தலவாக்கலையில் இந்தக் கொப்பி சீக்கிரம் நிறையும். 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் இங்கேதான், செயின்ட் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. பல மலைகளில் நம் தாய்மார் கொழுந்து பறிக்கும் டிஆர்ஐ 2025 என்ற தேயிலை இனம் அந்த நிலையம் தந்தது. மண்ணைச் சோதிப்பவர், பூச்சியை ஆராய்பவர், ஆய்வுகூடத்தில் உதவுபவர், கணக்கு எழுதுபவர், ஜீப் ஓட்டுபவர் என்று ஒரே வளவுக்குள் எத்தனையோ தொழில்கள். நகரத்தை ஒட்டி மேல் கொத்மலை அணைக்கட்டு. அங்கே மறிக்கப்படும் நீர் பன்னிரண்டு கிலோமீற்றருக்கும் நீண்ட சுரங்கத்தில் ஓடி, நிலத்தடி மின்நிலையத்தில் 150 மெகாவாட் மின்சாரம் தருகிறது. 2012இல் இயங்கத் தொடங்கிய அந்தத் திட்டத்தைப் பாலத்தில் நின்று தினமும் பார்க்கும் பிள்ளைக்கு, உள்ளே யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று தெரியாமல் இருக்கக் கூடாது.

அதிபரின் கடிதத்தோடு அனுமதி கேட்டு, பத்துப் பிள்ளைகளை மட்டும் கூட்டிப் போங்கள். பெரிய குழு சுற்றுலாவாகிவிடும். ஒவ்வொரு பிள்ளையும் ஒருவரைத் தெரிவுசெய்து பேசட்டும். மேலதிகாரியைவிட, வேலைக்குச் சேர்ந்து சில வருடமேயான இளையவரிடம் பேசுவது நல்லது. "மறுபடி பதினாறு வயதானால் என்ன படிப்பீர்கள்?" என்று கட்டாயம் கேட்கச் சொல்லுங்கள்.

அப்பாவின் கவ்வாத்தும் அம்மாவின் தவறணை வேலையும் அதே கொப்பியில் வர வேண்டும். தவறணையில் ஒற்றை இலையோடு தண்டு வெட்டி நாற்றாக்கும் கை ஒரு நுட்பமான கை. அதைப் பிள்ளை வெட்கத்தோடு எழுதினால், முதலில் அந்த வெட்கத்தைப் பற்றிப் பேசுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

பத்தாம் தரம்: மேலிருந்து கீழே ஏணி வரையுங்கள்

கொப்பியிலிருந்து பிள்ளைக்குப் பிடித்த மூன்று தொழிலை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத்தில் ஏணி வரையுங்கள். உச்சியில் தொழில், அங்கிருந்து கீழே இறங்கி வர வேண்டும். தேயிலை ஆராய்ச்சியாளர் என்றால் அதற்குக் கீழே விவசாய அல்லது விஞ்ஞானப் பட்டம். பேராதனையில் விவசாய பீடம் இருக்கிறது. பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டப்படிப்பு நடத்துகிறது. அதற்குக் கீழே உயர்தர விஞ்ஞானப் பாடங்கள், அதற்கும் கீழே சாதாரண தர விஞ்ஞானமும் கணிதமும். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில், "இது தவறினால்?" என்று எழுதி ஒரு மாற்றுப் படி வரையுங்கள். மாற்றுப் படி இல்லாத ஏணியைப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள்.

மூன்று ஏணி வரைந்ததும் பிள்ளையே ஒன்றைக் கண்டுபிடிக்கும்: பெரும்பாலான ஏணிகளின் அடிப்படியில் கணிதம் இருக்கும். தாய்மொழியிலும் கணிதத்திலும் சித்தி இல்லாவிட்டால் பல அரச வேலைகளுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. நான் ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு பாடத்துக்கு உதவலாம் என்றால் கணிதத்தைத்தான் எடுப்பேன். அடுத்தது சிங்களம். பயிற்சி நிலையங்களில் பல பாடநெறிகள் சிங்களத்தில் நடக்கின்றன. வகுப்பு விளங்காமல் இரண்டாம் வாரமே வீட்டுக்கு வந்துவிடுகிற பிள்ளையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பேச்சுச் சிங்களம் கடைவீதியில் வந்துவிடும். வாசிக்கவும் எழுதவும் வகுப்பில்தான் பழக வேண்டும்.

கடதாசிகள்

பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் இன்னொரு பெயர், தகப்பனின் அடையாள அட்டையில் மூன்றாவது எழுத்துக்கூட்டல். தோட்டத்தில் இது சாதாரணமாக நடப்பது. நேர்முகப் பரீட்சைக்கு முந்தின நாள் இதைக் கண்டுபிடித்தால் அழுவதைத் தவிர வழியில்லை. பத்தாம் தரத்திலேயே மூன்றையும் மேசையில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவிலும் உடனே தொடங்குங்கள். தேசிய அடையாள அட்டைக்குப் பாடசாலை வழியாக விண்ணப்பிப்பதையும் தள்ளிப்போட வேண்டாம்.

பரீட்சைக்கும் பெறுபேற்றுக்கும் நடுவே

கொழும்பு ரயில் பிள்ளையை இழுக்கும் காலம் இது. வீட்டின் கஷ்டம் உண்மையானது. அதைத் தெரியாதவர்போல உபதேசம் செய்யக் கூடாது. பரீட்சைக்கு முன்பே வீட்டுக்குப் போய், வேலை முடிந்து அம்மா வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து உட்காருங்கள். "அக்கா, பிள்ளை இந்த மூன்று மாதம் என்ன செய்யப்போகிறது?" என்று கேளுங்கள். வேலைக்குப் போயே ஆக வேண்டுமானால் வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் தேடுவோம், பெறுபேறு வரும் நாளில் பிள்ளை இங்கே இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். பதினாறு வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைப்பது 2021இலிருந்து சட்டப்படி குற்றம் என்பதையும் பெற்றோர் அறிந்திருக்கட்டும். வீட்டில் இருக்கும் பிள்ளைக்குக் கணினியும் சிங்களமும் போதும். வேறு எதையும் திணிக்காதீர்கள்.

உயர்தரம்: எந்தப் பிரிவு?

கூட்டாளி சேர்ந்த பிரிவில் சேர்வதுதான் இங்கே வழக்கம். பக்கத்துப் பாடசாலையில் கலைப் பிரிவு மட்டும் இருந்தால் அதிலேயே சேர்வதும் வழக்கம். சேருமுன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் மாணவர் கைநூலைத் திறந்து, எந்தப் பாடச் சேர்க்கை எந்தப் பட்டத்துக்குப் போகும் என்று பாருங்கள். தொழில்நுட்பப் பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. அதிலுள்ள உயிர்முறைமைகள் தொழில்நுட்பம் விவசாயத்தோடும் உணவு பதப்படுத்தலோடும் தொடர்பான பாடம். தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அந்நியமாக இராது.

கைநூலில் இன்னொன்றும் இருக்கிறது. பெரும்பாலான பாடநெறிகளில் இடங்கள் நாற்பது வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், ஐம்பத்தைந்து வீதம் மாவட்ட அடிப்படையிலும், மீதி ஐந்து வீதம் கல்வியில் பின்தங்கிய பதினாறு மாவட்டங்களுக்கும் என்று பிரிக்கப்படுகின்றன. நுவரெலியா அந்தப் பதினாறில் ஒன்று. ஆகவே கொழும்பு மாவட்ட இசட் புள்ளியைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். நுவரெலியாவின் வெட்டுப்புள்ளியைப் பாருங்கள். வேறு மாவட்டப் பாடசாலைக்கு மாறுவதானால், மாணவனின் மாவட்டம் எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்ற பகுதியை முதலில் வாசியுங்கள்.

ஆசிரியராக விரும்பும் பிள்ளைக்குப் பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. உயர்தரத்துக்குப் பிறகு மூன்று வருடம். அதில் கடைசி வருடம் பாடசாலையில் கற்பித்துப் பழகுவது.

உயர்தரம் போகாத பிள்ளைக்கு

இந்தப் பிள்ளையை "பெயில்" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். சாதாரண தரம் சித்தியடையாதவரும் சேரக்கூடிய தொழிற்பிரிவு சில பாடசாலைகளில் பதின்மூன்று வருடக் கல்வித் திட்டத்தின் கீழ் உண்டு. தொழிற்பயிற்சி அதிகார சபையும், வேலைத்தலத்தில் பழக விடும் நைட்டா நிறுவனமும் உண்டு. சேருமுன் மூன்றைக் கேளுங்கள்: எந்த மொழியில் நடக்கிறது, தங்குமிடம் உண்டா, முடிவில் என்.வி.கியூ சான்றிதழ் கிடைக்குமா? கடைசிக் கேள்வி முக்கியம். என்.வி.கியூ ஏழு மட்டங்கள் கொண்டது: நான்குவரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்குச் சமம். வயரிங் பழகத் தொடங்கிய பிள்ளை படிப்படியாகப் பட்டம்வரை போக வழி இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் வருடக்கணக்கில் மேசன் வேலை செய்யும் அண்ணனும், தன் அனுபவத்தைச் சோதித்துக் காட்டி என்.வி.கியூ பெறலாம். பிரதேச செயலகத்திலுள்ள மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் விபரம் கேளுங்கள்.

இனி ஒரு சின்ன ஏற்பாடு. வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வருகிறது. தோட்டத்தில் ஒருவர் அதைத் தன் வேலையாக எடுக்க வேண்டும்: போனில் திறந்து, நம் பிள்ளைகளுக்குப் பொருந்தும் அறிவித்தலையும் முடிவுத் திகதியையும் பெரிய எழுத்தில் எழுதி, பிள்ளைக் காம்பராச் சுவரில் ஒட்ட வேண்டும். கொழுந்து மடுவத்துக்குப் போகும் அம்மா ஒருவர் அதைப் பார்த்து, "இது எங்க மகளுக்கு சரிவருமா?" என்று கேட்பார். அப்போது அந்தக் கொப்பியை எடுத்து வரச் சொல்லுங்கள்.