பம்ப்பைக் கழற்றினால் மட்டும் போதாது

அன்புள்ள தம்பிக்கு,

பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் பவர் ஸ்டீயரிங்கை எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். எடுக்கலாம். ஒரு டன்னுக்குள் அடங்கும் கார் அது. 1989-இல் வெளிவந்த முதல் தலைமுறையில், அமெரிக்காவில் விற்ற அடிப்படை மாடலுக்குப் பவர் ஸ்டீயரிங்கே கிடையாது. ஆனால் பம்ப்பைக் கழற்றுவது வேறு, பவர் ஸ்டீயரிங்கை நீக்குவது வேறு. இதை நீ தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் அது வேலை செய்யும் விதத்தைப் பார். இன்ஜின் பெல்ட்டில் ஓடும் பம்ப், எண்ணெயை அழுத்தத்தோடு ஸ்டீயரிங் ரேக்குக்கு, அதாவது சக்கரங்களைத் திருப்பும் பற்சட்டத்துக்கு, அனுப்புகிறது. ரேக்கை நகர்த்தும் பினியன் என்ற பல்சக்கரத்துக்கு மேலே மெல்லிய முறுக்குக் கம்பி ஒன்று உண்டு. நீ ஸ்டீயரிங்கைத் திருப்பினால் அது சற்றே முறுகும். அதற்கேற்ப வால்வு திறந்து எண்ணெயை ஒரு பக்கமாக விடும். அந்த எண்ணெய் ரேக்கிலுள்ள பிஸ்டனைத் தள்ளும். கைக்குக் கிடைக்கும் உதவி அதுதான்.

பம்ப்பை எடுத்துவிட்டுக் குழாய்களை ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் என்ன ஆகும்? பிஸ்டனும் அதன் சீலும் உள்ளேயே இருக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் மிச்சமிருக்கும் எண்ணெயை உன் கைதான் தள்ள வேண்டும். முறுக்குக் கம்பி முறுகி முடிந்த பிறகே முழுப்பிடி கிடைக்கும் என்பதால் ஸ்டீயரிங்கில் 'ப்ளே' தெரியும். உதவியும் போய், துல்லியமும் வராமல் நிற்பாய்.

முறையான வழி, ரேக்கைக் காரிலிருந்து இறக்கிப் பிரிப்பது. பிஸ்டனின் சீலை எடுத்துவிட வேண்டும். வால்வு தனியே முறுகாதபடி பினியன் தண்டோடு சேர்த்து வெல்டு வைக்க வேண்டும். அதைத் தேர்ந்த வெல்டரிடம் மட்டும் கொடு. இதுவரை எண்ணெயில் நனைந்திருந்த பாகங்களுக்கு இனி கிரீஸ்தான் காப்பு, தாராளமாகப் பூசு. குழாய்த் துளைகள் வழியே காற்று போய்வர வேண்டும், தூசி நுழையக் கூடாது. ஏசியும் அதே பெல்ட்டில் ஓடினால் அதற்கு வேறு அளவு பெல்ட் தேவைப்படும்.

இன்னொரு வழி, கம்பெனியே செய்த மேனுவல் ரேக்கைத் தேடி மாட்டுவது. பவர் ரேக்கில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சுமார் 2.8 சுற்று, மேனுவல் ரேக்கில் சுமார் 3.3. கூடுதலாகச் சுற்றும் அந்த அரைச் சுற்றுதான் கையின் பாரத்தைக் குறைக்கிறது. பிரித்து மாற்றிய பவர் ரேக்கில் அந்தச் சலுகை இல்லை, ஆனால் கார் சட்டெனத் திரும்பும். அகலமான டயர் போட்டாலும், காஸ்டர் கோணத்தை (முன்சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வை) கூட்டினாலும் பாரம் ஏறும்.

இத்தனை பாடுபட்டு மிச்சமாகும் எடை சில கிலோதான். உண்மையான லாபம் கைக்குத் தெரியும் செய்தி. வளைவில் முன்டயரின் பிடி தளரத் தொடங்கினால் ஸ்டீயரிங் லேசாகும். எண்ணெய் அழுத்தம் அதைப் பாதி மறைத்துவிடும். அந்தச் செய்திக்காக, பார்க்கிங்கில் தோள் வலிக்கத் திருப்பச் சம்மதமா? சக்கரம் சிறிதாவது உருளும்போது திருப்பப் பழகினால் சிரமம் பாதியாகும். வீட்டில் வேறு யாரேனும் அந்தக் காரை ஓட்டுவார்கள் என்றால், அவர்களையும் கேட்டு முடிவெடு.

மாட்டிய பிறகு டை ராடு நட்டுகளைச் சரிபார், வீல் அலைன்மென்ட் செய், காலி மைதானத்தில் ஓட்டிப் பார். உன் ஊர்ச் சட்டமும் காப்பீடும் இந்த மாற்றத்தை ஏற்கின்றனவா என்பதை ஸ்பானரை எடுக்கும் முன்பே விசாரித்துக்கொள். முழுமையாகச் செய்ய நேரமும் ஆளும் இல்லையென்றால், பவர் ஸ்டீயரிங்கை அப்படியே விட்டுவிடு. ஸ்டீயரிங்கில் அரைவேலை கூடாது.

அன்புடன்,
அண்ணன்